அவருடைய ஜாக்கெட் என் பையில் இருந்தது

குளிர்காலத்தில் உடையில்லாமல் காட்டுவழி நடப்பவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: உடை கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காலில் நல்ல பூட்ஸ், தடித்த கம்பளி சாக்ஸ், தலையில் குல்லாய், கையில் உறை, முதுகில் பை. பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக ஜாக்கெட். நடக்கிறவரை அது தேவைப்படாது. நின்றால் உடனே தேவைப்படும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதரின் ஜாக்கெட்டைத்தான் நான் ஒருநாள் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். அவர் குளிரில் அம்மணமாக நின்றார். நான் முழு உடையில் முப்பதடி தள்ளிக் குந்தியிருந்தேன்.

முழுக்கதையை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் பாதி சொன்னேன். அதைக் கேட்டு அவள் கேட்ட கேள்வியைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். பிழைப்பு ஜெர்மனியில், லைப்சிக்கில். எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெரியவர் எங்கள் அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பெயர் வேண்டாம். கிழக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவர். அந்தத் தலைமுறைக்கு ஆடையில்லாமல் குளிப்பது கொள்கை கிள்கை ஒன்றுமில்லை, கோடை விடுமுறைப் பழக்கம், அவ்வளவுதான். எஃப்.கே.கே. என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். 1954இல் அந்நாட்டு அரசு பால்டிக் கடற்கரையில் அம்மணக் குளியலைத் தடைசெய்து பார்த்தது. ஜனங்கள் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அரசு விட்டுக்கொடுத்தது. சுவர் கட்டி ஆளைத் தடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஜட்டி போடவைக்கத் தெரியவில்லை என்று பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

லைப்சிக்குக்குத் தெற்கே கோஸ்புடன் ஏரி இருக்கிறது. பழுப்பு நிலக்கரி தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் விட்டு உண்டாக்கிய ஏரி. அதன் கரையில் ஒரு பகுதி எஃப்.கே.கே.காரர்களுக்கு. என்னுடைய முதல் துணிச்சல் அங்கேதான். துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளேயே ஜட்டியை மாற்றும் வித்தையில் தேர்ந்த நாட்டிலிருந்து வந்தவன் நான். துண்டே இல்லாமல் நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் எனக்குப் பெரிய விடுதலையாகத் தெரிந்தது. அது விடுதலைதானா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

ஏரியிலிருந்து காட்டுக்கு அழைத்துப் போனவர் பெரியவர். ஹார்ட்ஸ் மலையின் கிழக்குச் சரிவில் டாங்கரோடே என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊருக்கும் விப்பர் ஆற்று அணைக்கும் இடையே சுமார் 18 கிலோமீட்டர் பாதை ஒன்றை 2010இல் உடையில்லாமல் நடப்பவர்களுக்கென்று திறந்துவிட்டார்கள். ஜெர்மனியில் அந்த மாதிரிப் பாதைகளில் அதுதான் முன்னோடி. மற்றவர்களுக்கு அங்கே தடையில்லை, உடையோடும் தாராளமாக நடக்கலாம். அம்மணமானவர்களைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் இதற்கு மேல் வர வேண்டாம் என்கிற மாதிரி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். உடையோடு வருகிறவர்களை எங்கள் ஆட்கள் ‘டெக்ஸ்டில்’ என்று கேலியாகச் சொல்வார்கள். எதிரில் டெக்ஸ்டில் வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, குட்டன் டாக் சொல்லிவிட்டு நடையைத் தொடர வேண்டும். பதற்றப்பட்டு ஓடக் கூடாது. ஓடினால்தான் தப்பாகத் தெரியும்.

எல்லா ஊரிலும் இத்தனை சுமுகம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் அப்பென்ட்செல் இன்னர்ரோடனில் 2009இல் மக்கள் திறந்தவெளிச் சபையில் கையைத் தூக்கி, மலையில் அம்மணமாக நடந்தால் 200 ஃபிராங்க் அபராதம் என்று முடிவுசெய்தார்கள். பிரிட்டனில் ஸ்டீஃபன் காஃப் என்ற முன்னாள் படைவீரர் 2003இல் நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருந்து பூட்ஸும் பையும் தொப்பியுமாகக் கிளம்பி, வழியெல்லாம் கைதாகி, 2004 ஜனவரிக் குளிரில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கோடியைத் தொட்டார். பிற்பாடு உடுத்த மறுத்ததற்காகவே வருஷக்கணக்கில் சிறையில் கிடந்தார். 2014இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. இந்தக் கதையை விருந்துகளில் நான் ரசித்துச் சொல்வேன், காஃப் ஏதோ எனக்குச் சித்தப்பா முறை என்பதுபோல.

குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மண உடம்புக்கு 28 டிகிரி வாக்கில் காற்று இருந்தால்தான் சுகம். நம்மூர் மரநிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேகமாக நடக்கும் உடம்பு, உட்கார்ந்திருப்பதைப் போல நாலைந்து மடங்கு சூட்டை உண்டாக்கும். அதனால்தான் காற்றடிக்காத எட்டு டிகிரியில்கூட மேடேறும்போது முதுகு வியர்க்கிறது. முதல் சில நிமிஷங்கள் தொடையும் தோளும் எரியும். பிறகு தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். வெளியே ஜில்லென்றும் உள்ளே கதகதப்பாகவும் இருக்கும். ஆண்களுக்கு வேறொன்றும் சுருங்கும், அதை வைத்து அங்கே ஏராளமான ஜோக்குகள் உண்டு. விரல் நுனிதான் முதலில் மரத்துப்போகும். பெரியவரின் தொடை குளிரில் செக்கச்செவேல் என்றாகிவிடும். என் தோலில் சிவப்பு தெரியாது. அதனால் அவர் நடுவழியில் என்னை நிறுத்தி, கையுறையைக் கழற்றச் சொல்லி, நகத்தைப் பார்ப்பார். நீலம் பாரித்திருந்தால் அன்றைக்கு நடை முடிந்தது, உடனே உடுத்து என்பார். தன் நகத்தை அவர் பார்த்ததில்லை. வயதானவர்களுக்கு நடுக்கம் தாமதமாகத்தான் வரும், குளிர் ஏறுவதே சட்டென்று உறைக்காது என்பதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

இதில் சுகம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பாதிப் பொய்யாகிவிடும். மேகம் விலகி வெயில் முதுகில் விழுந்தால், அது தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு இறங்குவது தெரியும். ஓடையைத் தாண்டும் இடத்தில் முழங்காலுக்குக் கீழே மட்டும் குளிர்காற்று ஒரு பட்டையாகக் குறுக்கே போகும். பீச் மரக்காட்டுக்குள் ஒரு காற்று, வெட்டவெளியில் வேறு காற்று. உடை போட்டவனுக்கு இது அத்தனையும் ஒரே குளிர்தான்.

நான் ஒரு பெருமையும் பேசிவந்தேன். வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலை சமணர்களுக்குப் புனிதத் தலம். ஆசாரியர் குந்தகுந்தர் அங்கே தவமிருந்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. சுற்றுப்பட்டில் தமிழ்ச் சமணர்கள் வாழும் ஊர்கள் நிறைய உண்டு, நயினார் என்போம். திகம்பர முனிவர்கள் அந்தச் சாலைகளில் நடந்து வருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் மயிற்பீலி, மறு கையில் கமண்டலம், வேறு எதுவும் கிடையாது. மார்கழிப் பனியில், ஈரத் தார்ச்சாலையில், வெறுங்காலோடு. பையன்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மளிகைக்கடை நயினார் தராசை அப்படியே போட்டுவிட்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என் ஆயா சமணர் அல்ல. அவளும், “கும்பிட்றா, பல்லக் காட்டாத” என்று என் பிடரியில் ஒன்று போட்டாள்.

இந்தக் கதையை ஜெர்மானியர்களிடம் நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? ‘உங்களுக்கு இது நூறு வருஷத்துப் பழக்கம், எங்களுக்கு இரண்டாயிரம் வருஷம்’ என்று. மழைக்காலம் நான்கு மாதம்தான் முனிவர்கள் ஒரே ஊரில் தங்குவார்கள், மீதி மாதமெல்லாம் நடைதான், குளிர்காலமும் அதில் சேர்த்தி என்றெல்லாம் விளக்குவேன். கேட்பவர்கள் வாய்பிளப்பார்கள். நான் சமணனும் இல்லை, ஒருவேளை பட்டினி கிடந்தவனும் இல்லை. முனிவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தவன். அதை மட்டும் சொல்லமாட்டேன்.

பெரியவரிடமும் ஒரு கதை இருந்தது. அதே ஹார்ட்ஸ் மலையின் வடபக்கம், எக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அடோல்ஃப் யூஸ்ட் என்பவர் 1896இல் யுங்போர்ன் என்றொரு இயற்கை மருத்துவ இல்லம் தொடங்கினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வேலி, உள்ளே அம்மணமாகக் காற்றும் வெளிச்சமும் வாங்க வேண்டும். 1912 ஜூலையில் அங்கே எழுத்தாளர் காஃப்கா வந்து தங்கினார். எல்லாரும் அவிழ்த்துப்போட்டுத் திரிந்த இடத்தில் அவர் மட்டும் நீச்சல் டவுசரை விடவில்லை. அதனாலேயே டவுசர்காரர் என்று அங்கே பெயர் வாங்கினார், அதைத் தன் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஓடிப்போன பிறகு சில வாரம் இந்தக் காஃப்காவைப் பிடித்துக்கொண்டு நான் ஆறுதல் தேடினேன். செல்லுபடியாகவில்லை. அவர் தன் கூச்சத்தை எல்லாருக்கும் தெரியும்படி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். யாருடைய டவுசரையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை.

அந்த யூஸ்ட் எழுதிய ‘இயற்கைக்குத் திரும்பு’ நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்துத்தான் காந்தி மண்பட்டி வைத்தியத்தில் இறங்கினார். அதே காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் அரைவேட்டிக்கு மாறினார். 1931இல் லண்டனுக்கும் அதையே கட்டிக்கொண்டு போனார், குளிருக்கு மேலே சால்வை போர்த்திக்கொண்டார். சால்வை குளிருக்கு மட்டும்தான் என்பது பார்த்த எல்லாருக்கும் தெரிந்திருக்கும். என் விஷயத்தில் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, நடந்ததற்கு வருகிறேன்.

மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு டிகிரி. பீச் மரங்களில் இலை வரவில்லை, நிழலான பள்ளங்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. பெரியவருக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் முதுகுவலி. அதனால் இரண்டு பேர் உடையையும் என் பையில் வைத்துக்கொண்டேன். “நான் தூக்கறேன், நீங்க வெறுங்கையோட வாங்க” என்று சொன்னவன் நானேதான். அணையைத் தாண்டி ஏறும் காட்டுச் சாலையில் நான் முன்னால், அவர் மெதுவாகப் பின்னால்.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

“அப்பா, இன்னும் எவ்ளோ தூரம்பா?”

ஜெர்மனி முழுக்க இப்போது நம் ஆட்கள் இருக்கிறார்கள், ஹார்ட்ஸுக்குச் சுற்றுலா வருவதில் அதிசயம் இல்லை. அந்தப் பலகையைக் கவனிக்காமல் வந்தார்களோ, படித்தும் விளங்கவில்லையோ. அதே குரல் ஜெர்மன் மொழியில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் நகர்ந்து வழிவிட்டு வணக்கம் சொல்லியிருப்பேன். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், குழந்தைகள் இருந்த குடும்பங்களுக்கும்கூட. தமிழ் காதில் விழுந்ததும் என் கால் தானாகப் பாதையை விட்டு இறங்கியது. பெரியவரைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2018 வறட்சிக்குப் பிறகு ஹார்ட்ஸில் ஸ்புரூஸ் மரங்களைப் பட்டைவண்டு தின்று தீர்த்துவிட்டது. வெட்டிய கட்டைகளைச் சாலையோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்திருப்பார்கள். அந்த அடுக்கு ஒன்றின் பின்னால் போய் உட்கார்ந்தேன். பையைத் திறந்தேன். மேலாக இருந்தது அவருடைய ஜாக்கெட். அதை எடுத்து ஈரத்தரையில் வைத்துவிட்டு, கீழே இருந்த என்னுடையதை இழுத்தேன். என்ன செய்கிறேன் என்பது அதைச் செய்யும்போதே எனக்கு நன்றாகத் தெரியும். கை நடுங்காமல், ஒவ்வொன்றாக, பேன்ட், ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் போட்டேன். ஸிப்பைக் கழுத்துவரை ஏற்றினேன்.

பெரியவர் வளைவுக்கு வந்தபோது எதிரில் அவர்கள். அப்பா, அம்மா, ஆறேழு வயதுப் பெண்குழந்தை. இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணியும் என் பையில்தான் இருந்தது. பெரியவர் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, குட்டன் டாக் என்றார்.

“அப்பா, அந்தத் தாத்தாக்குக் குளுரலையா?”

“பேசாம வாடி.”

அவர்கள் கடந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். நாலடி போனதும் அந்தப் பெண் நின்றார். “ஏங்க, பாவங்க. யாரோ துணியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க போல. கேளுங்களேன்.”

நான் கட்டைக்குப் பின்னால் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கணவர் திரும்பி வந்து, பெரியவரிடம் ஆங்கிலத்தில், உதவி வேண்டுமா என்று கேட்டார். பேசிக்கொண்டே தன் கோட்டைக் கழற்றி நீட்டினார். பெரியவர் நன்றி சொல்லி மறுத்தார்: என் உடை நண்பரிடம் இருக்கிறது, அவர் முன்னால் போயிருக்கிறார். கோட்டுக்காரர் குழம்பினார். நாங்கள் அந்தப் பக்கமிருந்துதானே வருகிறோம், வழியில் யாரையும் பார்க்கவில்லையே என்றார். மனைவியிடம் திரும்பித் தமிழில், “பெரியவருக்குப் புத்தி தடுமாறுதோ என்னமோ. குளுரு ஏறினா அப்படித்தான் ஆவும்பாங்க. ஆம்புலன்சுக்கு அடிக்கட்டுமா?” என்றார். நியாயமான சந்தேகம். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் பேச்சு குழறும், நினைப்பு குழம்பும். அவர் அறிந்துதான் பேசினார்.

பெரியவர் அப்போது ஒருதரம் கட்டை அடுக்குப் பக்கம் பார்த்தார். பிறகு அவர்களிடம், “இல்லை, நண்பருக்கு வயிறு சரியில்லை, காட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறார், வந்துவிடுவார்” என்றார்.

எழுந்து போயிருக்கலாம். அவரே எனக்கு ஒரு காரணத்தையும் செய்து கொடுத்துவிட்டார். நான் உடையோடுதான் இருந்தேன். அவருடைய ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, ‘வணக்கம்ங்க’ என்று சொல்லிக்கொண்டே போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் இந்த மனிதரோடு இந்தப் பாதையில் நான் ஏன் இருக்கிறேன் என்று அவர்கள் யோசிப்பார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். வந்தவாசி என்றால், வந்தவாசியில் யார் வீடு என்பார்கள். அதற்குப் பயந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போகவில்லை. பெரியவரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் நண்பர் வருகிறவரை காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்த வரைக்கும் நான் வெளியே வரவில்லை, நான் வராத வரைக்கும் அவர் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா குழந்தையின் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி, தானும் மரங்களைப் பார்த்தபடி நின்றார். ஃபிளாஸ்க்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றிக் கணவனிடம் கொடுத்து அனுப்பினார். அணைப்பக்கமிருந்து காற்று ஏறி வந்தது. பெரியவர் ஒரு கையில் குல்லாய், ஒரு கையில் டீ என்று நின்றார். தலை வழியாகத்தான் உடம்புச் சூடு பெரும்பாலும் போகும் என்பது கட்டுக்கதை, பத்தில் ஒரு பங்குதான் போகும் என்று எங்கோ படித்தது அப்போது ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதுவும் ஒரு சமாதானமாக இருந்தது.

கால் மணி நேரம் இருக்கலாம். கடைசியில் பெரியவர் கொஞ்சம் கண்டிப்பாகவே, குழந்தைக்குக் குளிரும், தயவுசெய்து போங்கள் என்றார். கோட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர்கள் போன பிறகும் குரல் அடங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

நான் போனபோது அவர் தாடை அடித்துக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். அவர் விரல்களுக்கு ஸிப் பிடிபடவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன். கையைத் தேய்த்துவிடப் போனேன். தேய்க்காதே, முதலில் உடம்பு சூடாகட்டும் என்றார். சொற்கள் கொஞ்சம் வழுக்கின. நான் சொன்னேன், “வயிறு சரியில்லை, மன்னிச்சுக்கோங்க.” அவர் எனக்காகச் சொன்ன பொய்யை அவரிடமே திருப்பிச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

காரில் ஹீட்டரை முழுக்க வைத்தேன். நடுக்கம் அடங்கியதும் அவர் அந்தக் குடும்பத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எவ்வளவு நல்ல மனுஷங்க, கோட்டையே கழற்றிக் கொடுத்தார் பார், டீயில் ஏதோ மசாலா, இனிப்பாக இருந்தது. “உங்க பக்கத்து ஆளுங்கன்னு நினைக்கிறேன். நீ இருந்திருந்தா உன் பாஷையில பேசியிருக்கலாம்.”

“இந்தியாவுல எத்தனையோ பாஷை இருக்கு” என்றேன்.

அவருக்கு ஜுரம்கூட வரவில்லை. அது என் அதிர்ஷ்டம். ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஒரு வாரம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மனைவியிடம் பாதி சொன்னேன் என்றேன் அல்லவா, தமிழ்க் குடும்பம் ஒன்று எதிரில் வந்தது, நான் ஒதுங்கிவிட்டேன் என்று. அவள் உடனே கேட்டாள்: “யாருங்க அவங்க? நமக்குத் தெரிஞ்சவங்களா?” பெரியவர் என்ன ஆனார் என்று அவள் கேட்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்தில் முனிவர்கள் தாங்க வேண்டிய துன்பங்களாக இருபத்திரண்டைச் சொல்லியிருக்கிறது. பரீஷஹங்கள் என்பார்கள். பசி, தாகம், குளிர், வெப்பம், பூச்சிக்கடி, அம்மணம் என்று போகும். ஜெர்மானியர்களிடம் நான் பெருமையாக ஒப்பித்த பட்டியல்தான். குளிரும் அம்மணமும் அதில் தனித்தனியாக இருப்பதை நான் கவனித்ததே இல்லை. கோட்டு போட்டால் குளிர் நிற்கும். இன்னொன்று நிற்காது. கட்டைக்குப் பின்னால் ஜாக்கெட், பேன்ட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கழுத்துவரை ஸிப் போட்டபோதுதான் நான் என் வாழ்க்கையில் அதிகபட்ச அம்மணமாக இருந்தேன். பாதை நடுவே நின்ற அவருக்குக் குளிர் மட்டும்தான் இருந்தது.

இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. கோஸ்புடன் ஏரியில் யாரும் பார்க்காததால் எனக்குக் கிடைத்ததாக நினைத்த விடுதலை. அங்கே எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அந்தப் பார்வைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. ஜெர்மானியர் என்ன நினைத்தால் எனக்கென்ன? என் தங்கை கல்யாணம் அவர்கள் பேச்சால் நிற்கப்போகிறதா? பக்கத்தில் உட்கார்ந்து பேசி, ஒரே பாத்திரத்தில் சூப் குடித்து, என் நகம் நீலமாகிறதா என்று பார்த்த மனிதரின் கண்கூட எனக்குக் கண்ணாகப் படவில்லை. ஒரு குழந்தை தமிழில் பேசியதும்தான் உலகத்தில் ஆட்கள் இருப்பது எனக்கு உறைத்தது. இது வெட்கம்கூட இல்லை. இதற்குத் திமிர் என்றுதான் பெயர் வைப்பேன்.

அந்த ஆட்களையும் நான் சரியாக அறிந்திருக்கவில்லை. அவர்கள் சிரிப்பார்கள், படம் எடுப்பார்கள், ஊருக்குச் சொல்வார்கள் என்று பயந்தேன். அவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், டீ ஊற்றினார்கள், கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். முகம் தெரிந்தால் தேடிப்போய் அந்த அம்மாவிடம் சொல்வேன்: நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், துணியை எடுத்தவன் பக்கத்திலேயே இருந்தான்.

இப்படி எழுதுவது எளிது. இதைத் தமிழில் எழுதுவதிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. உங்களிடம் சொல்லிவிட்டு, அவரிடம் சொன்ன மாதிரி ஒரு நிம்மதியைத் திருடிக்கொள்ளப் பார்க்கிறேன். ஜெர்மனில் அந்த வாக்கியத்தைப் பலமுறை தயாரித்து வைத்திருக்கிறேன், இலக்கணப் பிழை இல்லாமல். தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டதும் வானிலை பற்றிப் பேசிவிடுகிறேன்.

மே மாதத்தில் மறுபடி அழைத்தார். போனேன். அவர் சொந்தப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், இடுப்பில் பட்டை கட்டிய புதுப் பை. முதுகு தேவலையா என்று கேட்டேன். தேவலையாகவில்லை, பழகிக்கொண்டேன் என்றார். கொடுங்கள் நான் தூக்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பலகையைத் தாண்டியதும் அவர் வழக்கம்போல் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி, நேரம் கடத்திக்கொண்டிருந்தேன். பேன்ட்டைக் கழற்றவில்லை. அன்றைக்கு நல்ல வெயில், பதினெட்டு டிகிரி.

“குளிருதா?” என்று கேட்டார்.

“ஆமா” என்றேன்.